நோய் முன்வினைப் பயனா? படுத்திருப்பவரைப் பார்த்துக்கொள்வது பற்றி பௌத்தம் சொல்வது

நீங்கள் கேட்ட கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருக்கிறார். பார்க்க வரும் உறவினர்கள் "போன ஜென்மத்துப் பாவம், அனுபவித்துத்தான் தீர்க்கணும்" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போகிறார்கள். பௌத்தமும் கர்மாவைத்தானே பேசுகிறது, அதுவும் இதையே சொல்கிறதா? பார்த்துக்கொள்பவருக்கு அதில் ஏதாவது இருக்கிறதா? ஓதினால் நோய் தீருமா? இன்னும் கொஞ்சம் முன்னாடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாமோ என்ற உறுத்தலுக்கு என்ன செய்வது?

பாலி மொழியில் உள்ள பழைய தேரவாத நூல்களை வைத்துத்தான் பதில் சொல்லப்போகிறேன். பௌத்தத்தின் இன்னொரு பெரிய பிரிவான மகாயானத்தில் மருத்துவ புத்தர் வழிபாடு, திபெத்திய வைத்தியம் என்று தனி உலகமே இருக்கிறது. அதைத் தொட்டால் இந்தப் பதில் முடியாது.

முதல் கேள்விக்கு நேரான பதில்: இல்லை. ராஜகிருகத்து மூங்கில் தோப்பில் புத்தர் தங்கியிருந்தபோது மோலியசீவகன் என்ற நாடோடித் துறவி இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். மனிதன் அனுபவிக்கும் இன்பம், துன்பம் எல்லாமே முன் செய்த வினையால்தான் என்று சிலர் சொல்கிறார்களே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று. புத்தர் எட்டுக் காரணங்களை வரிசையாகச் சொல்கிறார். பித்தம், சளி, வாதம், இவை மூன்றும் சேர்ந்து கெடுவது, பருவ மாற்றம், உடம்பைத் தாறுமாறாக வைத்துக்கொள்வது, வெளியிலிருந்து வரும் அடி அல்லது தாக்குதல், எட்டாவதாக வினைப்பயன். வலி இவற்றில் எதனாலும் வரலாம், இது உனக்கே தெரியும், ஊரும் ஒப்புக்கொண்ட விஷயம் என்கிறார். எல்லாவற்றையும் முன்வினை தலையில் கட்டுகிறவர்கள் தாங்கள் அறிந்ததையும் தாண்டிப் பேசுகிறார்கள், அது தவறு என்றும் சொல்லிவிடுகிறார். ஆக, கர்மா ஒரு காரணமாக இருக்கலாம். அது எட்டில் ஒன்று, அதுவும் கடைசி இடத்தில். உங்கள் அப்பாவுக்கு இரத்த அழுத்தம் இருந்து மாத்திரையை விட்டுவிட்டார் என்றால், அதற்கு அந்த வரிசையிலேயே ஆறாவது இடம் காத்திருக்கிறது.

இதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னதாகும். பிற்காலத்து நூல்களும் மக்கள் நம்பிக்கையும் வேறு திசையில்தான் போயின. புத்தருக்கு வந்த முதுகுவலிக்கே, முற்பிறவி ஒன்றில் மல்யுத்தத்தில் எதிராளியைக் காயப்படுத்தியதுதான் காரணம் என்று சொல்லும் நூல் உண்டு. இலங்கையிலும் தாய்லாந்திலும் நோயாளியின் தலைமாட்டில் நின்று கர்மா பேசும் சித்தப்பாக்கள் நம்மூரைப் போலவே உண்டு. ஆனால் அந்தக் கதைகளிலும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தம்மபதம் என்ற பாட்டுத் தொகுப்பின் உரையில் திஸ்ஸர் என்ற துறவியின் கதை வருகிறது. உடம்பெல்லாம் கொப்புளம் வந்து, உடைந்து, சீழ் வடிந்து, கூட இருந்தவர்கள் கைவிட்டுவிடுகிறார்கள். புத்தர் தாமே தண்ணீர் காய்ச்சப் போகிறார். வெந்நீரில் அவருடைய துணியை அலசி உலர்த்தி, உடம்பைக் கழுவி, சுத்தமான துணி உடுத்தி, அதன் பிறகுதான் நாலு வார்த்தை தர்மம் சொல்கிறார். திஸ்ஸர் நிம்மதியாக இறந்துபோகிறார். அதற்கும் பிறகு மற்றத் துறவிகள் வந்து "இவருக்கு ஏன் இப்படி ஆனது?" என்று கேட்டபோதுதான் முற்பிறவியில் அவர் பறவை பிடிப்பவராக இருந்து எலும்பை முறித்த கதை வெளியே வருகிறது. முதலில் வெந்நீர், ஆள் போன பிறகு கர்மா. உங்கள் உறவினர்கள் இந்த வரிசையைத்தான் தலைகீழாக்கிவிட்டார்கள்.

அடுத்து, பார்த்துக்கொள்பவருக்கு என்ன இருக்கிறது என்ற கேள்வி. இதற்குத் தியான நூல்களைத் தேடிப் போக வேண்டாம். விநய பிடகம் என்று துறவிகளின் சட்டப் புத்தகம் ஒன்று உண்டு. அதில், உடை பற்றிய விதிகளுக்கு நடுவே, ஒரு சம்பவம்.

ஒரு துறவிக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு. தன் மலமூத்திரத்திலேயே கிடக்கிறார். புத்தர் தன் அணுக்கச் சீடர் ஆனந்தரோடு ஒவ்வொரு குடிலாகப் பார்த்துக்கொண்டு வருகிறவர் அங்கே வந்து நிற்கிறார்.

"உனக்கு என்ன செய்கிறது?"

"வயிற்றுக் கோளாறு, ஐயா."

"உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா?"

"இல்லை."

"ஏன் யாரும் பார்ப்பதில்லை?"

"நான் அவர்களுக்கு எந்த உபகாரமும் செய்ததில்லை. அதனால் அவர்கள் என்னைப் பார்ப்பதில்லை."

இதில் என்னை மிகவும் உறுத்துவது நோயாளியே இதை நியாயமாக ஏற்றுக்கொண்டிருக்கிறார் என்பதுதான். நான் செய்யவில்லை, அவர்களும் செய்யவில்லை, கணக்கு சரி. நம் வீடுகளிலும் இதே கணக்குதானே ஓடுகிறது? "எங்களுக்கு அவர் என்ன செய்தார்?" என்று ஒரு மகன் சொல்வான், "சொத்து வாங்கினவன் பார்க்கட்டும்" என்று இன்னொருவன் சொல்வான். புத்தர் அந்த இடத்தில் உபதேசம் எதுவும் செய்யவில்லை. ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார். புத்தர் தண்ணீர் ஊற்ற, ஆனந்தர் கழுவிவிடுகிறார். தலைப்பக்கம் புத்தரும் கால்பக்கம் ஆனந்தரும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். படுத்திருப்பவரைத் தனியாளாகத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது இரண்டு பேர் வேலை.

அப்புறம்தான் துறவிகளின் அமைப்பான சங்கத்தைக் கூட்டி விசாரணை. அவர்களும் அதே பதிலைச் சொல்கிறார்கள்: அவர் எங்களுக்கு எதுவும் செய்ததில்லை. அதற்குப் புத்தர் சொன்னது: உங்களுக்குத் தாய் இல்லை, தந்தை இல்லை. ஒருவரை ஒருவர் நீங்களே பார்த்துக்கொள்ளாவிட்டால் வேறு யார் பார்ப்பார்? எனக்குப் பணிவிடை செய்ய நினைப்பவன் நோயாளிக்குச் செய்யட்டும்.

இந்தக் கடைசி வரியைப் பூப்படத்தின் மேல் எழுதி வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். அது பிறந்த இடம் நாற்றமடித்த ஒரு அறை, கடமையை ஏமாற்றிய ஒரு கூட்டம். அடுத்த வரியிலேயே பொறுப்பு யாருக்கு என்று அவர் வரிசைப்படுத்திவிடுகிறார். நோயாளிக்குத் தீட்சை கொடுத்த குரு இருந்தால் அவர், இல்லையென்றால் ஆசிரியர், சீடர், உடன் பயின்றவர் என்று போய், யாருமே இல்லையென்றால் மொத்தச் சங்கமும் பொறுப்பு. பார்க்காமல் விட்டால் குற்றம். கருணை இருந்தால் செய் என்று விட்டுவிடவில்லை. கருணை வராத நாளிலும் செய்ய வேண்டும் என்பதால்தான் அது சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அதே சட்டத்தில் பார்த்துக்கொள்பவருக்கு ஒரு பிடிமானமும் உண்டு: பொறுப்பு ஒருவரோடு முடிந்துவிடுவதில்லை, அவருக்குப் பின்னால் மொத்தக் கூட்டமும் இருக்கிறது. அண்ணன் தம்பிகளிடம் முறை போட்டுப் பேச வேண்டிய நேரத்தில் இதைத் தயங்காமல் சொல்லலாம்.

இதைத் தொடர்ந்து வரும் பகுதி எனக்குப் பிடித்தது. எப்படிப்பட்ட நோயாளியைப் பார்த்துக்கொள்வது கஷ்டம் என்று ஒரு பட்டியல் போடுகிறது. உடம்புக்கு ஆகாததைச் செய்பவர். ஆகிறதிலும் அளவு தெரியாதவர். மருந்து சாப்பிடாதவர். தன் நன்மையை நினைத்துப் பார்த்துக்கொள்பவரிடம் நோய் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று உள்ளபடி சொல்லாதவர். வலியைப் பொறுக்காதவர். சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருக்கும்போது தலையணைக்கு அடியில் மைசூர்பாகு வைத்திருக்கும் தாத்தாவையும், நெஞ்சு அடைத்துக்கொண்டிருந்தாலும் "ஒண்ணுமில்லை, வாயுதான்" என்று சொல்லும் அம்மாவையும் யாரோ நேரில் பார்த்து எழுதியதுபோல இருக்கும். நோயாளிக்கும் கடமை உண்டு என்று இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லும் பழைய சமய நூல்கள் அதிகம் இல்லை என்றே நினைக்கிறேன். பார்த்துக்கொள்கிற எல்லோரும் மனசுக்குள் முணுமுணுப்பது அது. பட்டியல் அதை முணுமுணுப்பிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிடுகிறது.

பார்த்துக்கொள்பவருக்கும் அதேபோல. மருந்தைத் தயாரித்துக் கொடுக்கத் தெரிய வேண்டும். எது ஆகும், எது ஆகாது என்று அறிந்து, ஆகாததை அப்புறப்படுத்த வேண்டும். ஆதாயத்துக்காக அல்லாமல் அன்போடு செய்ய வேண்டும். மலம், மூத்திரம், வாந்தி, எச்சில் எடுத்துப்போட அருவருப்புப் படக் கூடாது. அவ்வப்போது நல்ல வார்த்தை சொல்லி மனதைத் தேற்றத் தெரிய வேண்டும். பட்டியல் தொடங்குவது கைத்திறமையில், தேற்றுவது வருவது கடைசியில். டயப்பர் மாற்றுவதை ஆன்மிகத்துக்குக் கீழே உள்ள வேலையாக நினைப்பவர்கள் இந்த வரிசையைப் பார்க்க வேண்டும்.

ஆதாயத்துக்காகச் செய்யாதே என்கிற அதே அத்தியாயம் பார்த்துக்கொண்டவருக்குப் பங்கும் கொடுக்கிறது. நோயில் இறந்த ஒரு துறவியின் பாத்திரத்தையும் உடைகளையும் அவரைக் கவனித்தவர்கள் சாவத்தி நகரத்துக்குக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். இறந்தவரின் பொருளுக்குச் சொந்தக்காரர் சங்கம். ஆனாலும் நோயாளியைக் கவனித்தவர்கள் பெரிய உபகாரிகள், மூன்று உடைகளையும் பாத்திரத்தையும் அவர்களுக்கே சங்கம் கொடுக்கலாம் என்கிறார் புத்தர். கவனித்தவர் இன்னும் முழுத் தீட்சை பெறாத சாமணேரப் பையனாக இருந்தாலும் அவனுக்குச் சமபங்கு. வீட்டுக்கு வந்து அப்பாவைக் குளிப்பாட்டும் அட்டெண்டருக்குச் சம்பளம் பேசும்போது "புண்ணியம் கிடைக்கும்" என்று குறைத்துப் பேசுபவர்களுக்கு இதை எடுத்துக் காட்டலாம்.

மருந்து விஷயத்தில் விநயம் ரொம்பவே தளர்த்தும். நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லப்பாகு ஆகிய ஐந்தையும் நோயாளித் துறவி நண்பகலுக்குப் பிறகும் சாப்பிடலாம், ஏழு நாள் வரை வைத்திருக்கலாம். மஞ்சள், இஞ்சி, வசம்பு, அதிவிடயம், கடுகுரோகிணி, வெட்டிவேர், கோரைக்கிழங்கு, வாய்விடங்கம், திப்பிலி, மிளகு, கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் என்று அந்த அத்தியாயத்தைப் படித்தால் நாட்டு மருந்துக் கடைச் சீட்டு போலவே இருக்கும். பூண்டு தின்னக் கூடாது என்று ஒரு விதி போட்டிருந்தார்கள். புத்தரின் முதன்மைச் சீடர்களில் ஒருவரான சாரிபுத்தருக்கு வயிற்றில் வாயு வந்து, முன்பு இதற்குப் பூண்டுதான் கேட்டது என்று அவர் சொன்னதும், நோய்க்காகத் தின்னலாம் என்று விதி வளைந்துவிட்டது. கஞ்சிக்குப் பத்து நன்மை சொல்லியிருக்கிறது. பசி, தாகம் தீர்ப்பதோடு வாயுவைச் சீராக்கும், மூத்திரப்பையைச் சுத்தமாக்கும் என்றெல்லாம். தம்மபதத்தின் 203ஆவது பாட்டு பசியைத்தான் பெரிய நோய் என்கிறது. மணிமேகலை படித்தவர்களுக்குப் பசிப்பிணி புதிதல்ல. அந்தப் பாட்டுக்கு உரை சொல்லும் கதையில், தொலைந்த மாட்டைத் தேடிவிட்டுப் பசியோடு வந்த ஏழை விவசாயிக்கு முதலில் சோறு போடச் சொல்லிவிட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை புத்தர் பேச ஆரம்பிக்கவில்லை.

"இனிமே பார்த்து என்ன ஆகப்போகிறது, தேறவா போகிறார்?" என்று கேட்பவர்களும் இருப்பார்கள். அதற்கும் ஒரு சூத்திரம் உண்டு. நோயாளிகள் மூன்று வகை. நல்ல உணவு, மருந்து, கவனிப்பு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பிழைக்காதவர் ஒருவர். எது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பிழைத்துக்கொள்பவர் இன்னொருவர். கிடைத்தால் மட்டும் பிழைப்பவர் மூன்றாமவர். இந்த மூன்றாமவருக்காகத்தான் மருந்தும் கவனிப்பும் விதிக்கப்பட்டன, அவரை முன்னிட்டு மற்ற இருவரையும் கவனிக்க வேண்டும் என்று முடிகிறது. யார் எந்த வகை என்று வாசலில் நின்றே தீர்மானிக்கும் அதிகாரம் இங்கே யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

இல்லறத்தாருக்கு என்ன இருக்கிறது என்றால் நகுலமாதாவைச் சொல்வேன். பக்கர்கள் என்ற மக்களின் நாட்டில் சும்சுமாரகிரி என்ற ஊர். கணவர் நகுலபிதா சாகும் நிலையில் இருக்கிறார். மனைவி அவரிடம் பேசுகிறாள்: கவலையோடு சாகாதீர்கள், கவலையோடு சாவது துன்பம். நான் போனபின் இவள் பிள்ளைகளை எப்படி வளர்ப்பாள் என்று நினைக்கிறீர்களா? எனக்குப் பஞ்சு நூற்கத் தெரியும், கம்பளி சிக்கெடுக்கத் தெரியும், குடும்பத்தை ஓட்டிவிடுவேன். வேறு ஒருவனைத் தேடிப் போவேன் என்று நினைக்கிறீர்களா? பதினாறு வருஷம் எப்படி வாழ்ந்தோம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் மனதில் இருக்கக்கூடிய பயத்தை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பதில் கொடுக்கிறாள். அவர் தேறி, தடியூன்றிக்கொண்டு புத்தரைப் பார்க்க வருகிறார். இப்படி ஒருத்தி கிடைத்தது உன் பாக்கியம் என்று புத்தர் சொல்லி அனுப்புகிறார்.

தேறியதை அற்புதமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எனக்கு அதில் படுவது பேச்சின் தன்மைதான். "எல்லாம் சரியாகிடும்" என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பக்கவாதத்தில் படுத்திருப்பவருக்கு வாய் குழறினாலும் காது கேட்கும். வீட்டுக் கடன் எவ்வளவு பாக்கி, தங்கை கல்யாணத்துக்கு என்ன ஏற்பாடு, பென்ஷன் யார் பெயருக்கு வரும் என்பதெல்லாம் அவர் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து கணக்கைச் சொல்லலாம்.

இதே நகுலபிதாவிடம் வேறொரு சமயம் புத்தர், உடம்பு நோயுற்றாலும் மனம் நோயுறாமல் இருக்கும்படி பழகு என்றார். நல்ல வார்த்தைதான். ஆனால் அது வயதாகிவிட்டது, எப்போதும் உடம்புக்கு முடியவில்லை என்று தானே வந்து கேட்டவருக்குச் சொன்னது. வலியில் துடிப்பவரிடம் நாம் போய் "எல்லாம் மனசுலதான் இருக்கு" என்று சொல்வதற்கு இதை ஆதாரமாக்கக் கூடாது.

பௌத்தத்தை இப்படிப் பளபளவென்று காட்டிவிட்டு ஒரு சங்கடத்தை மறைத்தால் நியாயமில்லை. மகதத்தில் ஒரு காலத்தில் குஷ்டம், கட்டி, தோல்நோய், காசநோய், வலிப்பு என்று ஐந்து நோய்கள் பரவியிருந்தன. மன்னர் பிம்பிசாரருக்கும் புத்தரின் சங்கத்துக்கும் மட்டும்தான் வைத்தியம் பார்ப்பேன் என்று அரச வைத்தியர் ஜீவகர் சொன்னதால், வைத்தியத்துக்காகவே பலர் துறவியானார்கள். குணமானதும் காவியைக் கழற்றிவிட்டுப் போனார்கள். கடைசியில் ஜீவகரே கேட்டுக்கொண்டு, இந்த ஐந்து நோய் உள்ளவர்களுக்குத் தீட்சை கொடுக்கக் கூடாது என்று விதி வந்தது. இன்றும் தேரவாதத் தீட்சைச் சடங்கில் இந்த ஐந்தையும் சொல்லி "உனக்கு உண்டா?" என்று கேட்கிறார்கள். ஒரு மருத்துவரால் சமாளிக்க முடியாத கூட்டத்துக்குப் போட்ட நிர்வாக விதி அது, வெறுப்பில் பிறந்ததல்ல என்பது என் கருத்து. வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட குஷ்டரோகிக்கு அந்த வித்தியாசம் பெரிதாகப் பட்டிருக்காது.

மடத்துக்கு வெளியே வைத்தியம் போனது அரசர்கள் வழியாக. கிமு 3ஆம் நூற்றாண்டில் அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, தன் நாட்டில் மட்டுமல்ல, சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளிலும் இலங்கை வரையிலும் மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ ஏற்பாடு செய்ததாகவும், மூலிகை இல்லாத இடத்துக்குக் கொண்டுபோய் நட்டதாகவும் சொல்கிறது. இலங்கையில் மிகிந்தலைக்குப் போனால் மடத்து மருத்துவமனையின் இடிபாடு இருக்கிறது. நடுமுற்றத்தைச் சுற்றிச் சிறு சிறு அறைகள், மனித உடம்பின் வடிவத்திலேயே குடையப்பட்ட கல்தொட்டி. மருந்தெண்ணெயில் ஆளைக் கிடத்துவதற்கு. கம்போடியாவில் ஏழாம் ஜெயவர்மனின் நாட்டில் 102 மருத்துவமனைகள் இருந்ததாக 1186ஆம் ஆண்டுக் கல்வெட்டு கணக்கு கொடுக்கிறது.

ஓதுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். சீடர்களான மகாகச்சபரும் மொக்கல்லானரும் நோயுற்றபோது புத்தர் ஞானத்தின் ஏழு அங்கங்களைச் சொல்லக் கேட்டு அவர்கள் எழுந்தார்கள் என்றும், புத்தரே நோயுற்றபோது சுந்தர் என்ற துறவியைச் சொல்லச் சொல்லிக் கேட்டார் என்றும் சூத்திரங்கள் உண்டு. இலங்கையில் நோயாளி வீட்டில் பிரித் என்ற காப்புச் சூத்திரங்களை ஓதி, கையில் வெள்ளை நூல் கட்டி, தண்ணீர் கொடுப்பது இந்த வழக்கத்தின் தொடர்ச்சி. அதே புத்தர்தான் ஜீவகர் கொடுத்த பேதி மருந்தையும் எடுத்துக்கொண்டார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று எந்த நூலும் கேட்கவில்லை. அப்பாவுக்குத் திருவாசகமோ தேவாரமோ பழக்கம் என்றால் அதையே படியுங்கள். தெரிந்த குரலில் தெரிந்த வரிகளைக் கேட்பதுதான் அந்த நேரத்தில் வேலை செய்கிறது என்று நினைக்கிறேன். பிசியோதெரபியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் உறுத்தலுக்கு வருகிறேன். புத்தர் கடைசியாகச் சாப்பிட்டது சுந்தன் என்ற கொல்லர் வீட்டில் (மேலே சொன்ன துறவி வேறு, இவர் வேறு). சாப்பிட்டபின் இரத்தபேதி கண்டது, அதே பயணத்தில் குசிநகரத்தில் இறந்தார். இறப்பதற்கு முன் ஆனந்தரிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறார். உன் வீட்டில் சாப்பிட்டுத்தான் செத்தார் என்று யாராவது சுந்தன் மனதைக் கலக்கக்கூடும், நீ போய் அவனிடம் சொல்: ஞானம் பெறுவதற்கு முன் எனக்குக் கிடைத்த உணவும், மறைவதற்கு முன் கிடைத்த இந்த உணவும் ஒரே அளவு பலன் உள்ளவை, மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியவை. உணவில் தவறு இருந்ததா என்று அவர் விசாரிக்கவில்லை. நல்ல மனதோடு கொடுத்தான் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார். அன்றைக்கு ராத்திரி உங்களுக்குத் தெரிந்ததை வைத்து நீங்கள் முடிவெடுத்தீர்கள். யாராவது அதைக் குத்திக்காட்டினால், கூட இருப்பவர்களில் ஒருவரை ஆனந்தர் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிலை நீங்களே ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.